கர்ப்பிணிகளுக்கு மட்டும்

அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் கரண்டியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது, அங்கேயும் தப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். குழந்தைகள் மையத்தில் சமைப்பது, கூட்டிப் பெருக்குவது, வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய் இடுப்பில் தூக்கி வருவது அவள் வேலை. அப்படிக் கிளம்பும்போது கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்க மறந்துவிடுவாள். தெருமுனையில் அந்தக் கரண்டி தெரிந்ததும், தூங்குகிற பிள்ளையை அவசரமாக எழுப்பி முகம் கழுவிவிடுகிற தாய்மார்கள் இருந்தார்கள்.

மையம் என்றால் ஒரே ஒரு அறைதான். ஒரு பக்கம் லாரிப் பட்டறை, மறுபக்கம் சாக்கடை. பட்டறையில் தகடு தட்டுகிற சத்தத்தில் பிள்ளைகள் பாடினால் வாய் அசைவது மட்டும் தெரியும். சுவரில் யாரோ ஒரு காலத்தில் காய்கறிகளும் ஒரு வாத்தும் வரைந்திருந்தார்கள். ஈரம் ஏறி வாத்துக்குத் தலை போய்விட்டது. பிள்ளைகள் அதையும் வாத்து என்றே படித்துக்கொண்டிருந்தன. பாடம் சொல்வதும், எடை போடுவதும், மேலிடத்துக்குப் பதில் சொல்வதும் டீச்சர் பாடு. டீச்சர் வயதில் இளையவள், பாதி நேரம் போனில் யாருக்காவது விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாள். அடுப்பு மட்டும் முழுக்க முழுக்கக் கரண்டியக்காவின் ராஜ்யம்.

அவளும் ஒரு காலத்தில் அங்கே சத்துமாவுக்கு வரிசையில் நின்றவள்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன், லோடு ஏற்றிக்கொண்டு போன இடத்திலேயே இன்னொரு குடும்பத்தை இறக்கிக்கொண்டான். கைக்குழந்தையோடு நின்றவளைப் பார்த்து அப்போதிருந்த டீச்சர் இரக்கப்பட்டு, பாத்திரம் கழுவ வரச் சொன்னாள். கழுவ வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். மகள் அந்த மையத்துக் கஞ்சியில் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், தையல் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். அதனால் அந்த மாவின் மேல் கரண்டியக்காவுக்கு ஒரு தனி நம்பிக்கை. மேலிருந்து வருகிறவர்கள்கூட அதைப் பற்றி அவ்வளவு நம்பிக்கையாகப் பேசியதில்லை.

மாதம் ஒருமுறை கர்ப்பிணிகளைக் கூட்டி உட்காரவைத்து டீச்சர் அட்டைப் படங்களைக் காட்டிப் பேசுவாள். பெண்கள் கொட்டாவி விட்டபடி கேட்பார்கள். அவர்கள் காத்திருப்பது அதற்குப் பிறகு வரும் பேச்சுக்காக. கரண்டியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு சத்துமாவுப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுவாள்.

“இதுல என்ன போட்டிருக்கு? கர்ப்பிணிகளுக்கு மட்டும். உன் வீட்டுக்காரன் கர்ப்பிணியா? உன் மாமனார் எத்தனை மாசம்?”

சிரிப்பு அடங்க நேரமாகும். அதோடு விடமாட்டாள். வீடுகளுக்குப் போய் அடுக்களையில் எட்டிப் பார்ப்பாள், பானையை முகர்ந்து பார்ப்பாள். ஒருமுறை பால்காரன் தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாக்கெட் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மாட்டின் வாயிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வந்து, விற்ற வீட்டு வாசலில் நின்று கத்தித் தெருவையே கூட்டிவிட்டாள். தன் பங்கை மற்றவர்களுக்குக் கொடுக்கிறவள் ஒன்று ஏமாளி, இல்லையென்றால் சோம்பேறி என்பது அவள் தீர்மானம். வயிற்றில் இருப்பதற்காக வாயைத் திறந்து ‘இது என்னுடையது’ என்று சொல்ல ஒருத்திக்கு என்ன கேடு என்று கேட்பாள்.

மகளைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். குடிக்காதவன், அதிர்ந்து பேசாதவன். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அந்த மாதத்திலேயே அவன் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு போயிற்று. வேலை கொடுத்த மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, போன் பேசுவதுபோல வெளியே போனவன் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் அவன் அம்மா, செத்துப்போன அக்காவின் பிள்ளைகள் இரண்டு, கட்டிலில் அவன், அப்புறம் மகள். அம்மாக்காரி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். மகள் தையல் கம்பெனிக்குப் போனாள். அங்கே வயிறு தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று, சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு போனாள்.

அவர்கள் குடியிருந்தது வேறொரு மையத்துக்கு உட்பட்ட தெரு. ஆனாலும் கரண்டியக்கா டீச்சரிடம் சொல்லி மகளைத் தன் மையத்திலேயே பதிய வைத்தாள். பாக்கெட்டைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது மகளிடமும் தன் பேச்சை ஒருமுறை பேசினாள், சிரிப்பில்லாமல். மகள் தலையாட்டினாள்.

ஒரு விடுமுறை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. பாதிப் படி ஏறும்போதே வாசனை வந்தது. வறுத்த மாவு கொதிக்கிற அந்த வாசனையை அவள் எங்கே இருந்தாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள். உள்ளே பெரிய பானை நிறையக் கஞ்சி. பக்கத்தில் பாக்கெட், ஒட்ட ஒட்ட உதறிக் காலியாகக் கிடந்தது. சுற்றிலும் தட்டுகள்.

கரண்டியக்கா உட்காரக்கூட இல்லை. “சம்பந்தியம்மா, இது அவளுக்குன்னு கொடுத்தது” என்றாள்.

“தெரியும்ங்க. அவளே படிச்சுச் சொன்னா.”

“தெரிஞ்சுமா?”

மாப்பிள்ளையின் அம்மா திரும்பினாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவள் முகத்தில் கோபமில்லை, வெட்கமும் இல்லை. கையிலிருந்த கரண்டியை நீட்டினாள்.

“எனக்கு ஊத்தத் தெரிஞ்சதெல்லாம் எல்லாருக்கும் ஊத்தறதுதான். வேற மாதிரி தெரியல. நீங்க ஊத்துங்க. யாருக்குக் கிடையாதோ அவங்கள நீங்களே சொல்லி எழுந்து போகச் சொல்லுங்க.”

கரண்டியக்கா வாங்கினாள். அவளுக்கு அது சவாலாகத்தான் பட்டது. எத்தனை பேருக்குப் பரிமாறிய கை. மகளின் தட்டை விளிம்பு வரை நிரப்பினாள். நிமிர்ந்தபோது அக்கா பிள்ளைகளில் சின்னவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, நச்சரிக்கவில்லை, ஊற்றுவார்கள் என்று தெரிந்து நீட்டியிருந்தாள். மையத்தில் தினமும் பார்க்கிற அதே நீட்டல். வேலைக்கு வந்த நாளிலிருந்து, நீட்டிய தட்டை விட்டுவிட்டு அவள் தாண்டிப் போனதே இல்லை. ஊற்றினாள். பிறகு பெரியவனுக்கு. கட்டிலில் கிடந்த மாப்பிள்ளை, “எனக்கு வேண்டாம் அத்தை, பசி இல்ல” என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். காலையிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது அப்போதுதான். அவன் பக்கத்திலும் ஒரு தட்டை வைத்தாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சம்பந்திக்குப் போட்டாள். இதற்குள் மகள் தன் தட்டிலிருந்து பாதியைச் சின்னவளுக்குத் தள்ளிவிட்டிருந்தாள். உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே நடந்தாள். ஆள் கிடைக்கவில்லை. அது அவளுக்குப் புதிது. எப்போதும் யாராவது கையில் சிக்குவார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பெண்கள் வழக்கம்போல அவளைப் பார்த்துக் காத்திருந்தார்கள். கரண்டியக்கா பாக்கெட்டைத் தூக்கினாள். பிறகு கீழே வைத்துவிட்டு, முடிந்தவரை நீங்களும் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடம்பு சரியில்லையா அக்கா என்று ஒருத்தி எழுந்து வந்து கேட்டாள். அவள் பால்காரனுக்கு மாவு விற்றவள்தான். கரண்டியக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனால்தானே பங்கு என்று பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். மையத்தில் மத்தியானம் அவளுக்கென்று ஒரு தட்டுச் சோறு உண்டு. அதைத் தூக்குவாளியில் போட்டு, பருப்பை மேலாக ஊற்றி, முட்டை போடுகிற நாளில் தன் முட்டையையும் வைத்து, தையல் கம்பெனி வாசலுக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு இடைவேளையில் மகள் வெளியே வருவாள். வாட்ச்மேன் முதலில் முறைத்தான். பிறகு தன் நாற்காலியை வெயில் படாத பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மகள் அதில் உட்கார்ந்து சாப்பிட, அம்மா எதிரில் நின்று கடைசி வாய் வரைக்கும் பார்த்தாள்.

“நீ சாப்பிட்டியாம்மா?”

“எப்பவோ ஆச்சு. நீ பேசாம சாப்பிடு.”

அந்த நாட்கள் நன்றாகவே போயின. மகள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருந்தது. நர்ஸம்மா பரிசோதித்துவிட்டு, ரத்தம் சற்று ஏறியிருக்கிறது, இப்படியே போனால் பரவாயில்லை என்றாளாம். அந்த ‘பரவாயில்லை’யைக் கரண்டியக்கா டீச்சரிடம் சொன்னாள், பட்டறைக்காரர்களிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் நிறுத்திச் சொன்னாள். தனக்குப் பசி பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவும் செய்தது. அடுப்படியிலிருந்து எழுந்திருக்கும்போது மட்டும் கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

பிறகு மையத்துக்கு லோடு வரவில்லை. ஒரு மாதம் தள்ளிப் போவது சகஜம்தான், யாரும் கவலைப்படவில்லை. அடுத்த மாதமும் வராதபோது டீச்சர் போன் செய்தாள். வரும் என்றார்கள். டெண்டர் கைமாறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார், கோர்ட்டில் வழக்கு என்று இன்னொருவர் சொன்னார், வண்டி கிடைக்கவில்லை என்றுகூட ஒருவர் சொன்னார். மாவு நின்றது, பருப்பு நின்றது, முட்டை நின்றது. பழைய அரிசி மட்டும் அடிமூட்டையில் கொஞ்சம் இருந்தது. கரண்டியக்கா அதைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, தண்ணீர் விட்டு நீட்டினாள். அளவைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கரண்டியில் சோற்றைத் தேட வேண்டியிருந்தது. பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தன, பிறகு சுளிப்பதையும் விட்டுவிட்டன. பாதிப் பேர் வருவது நின்றது. தேடிக்கொண்டு போக அவளுக்குக் கால் எழவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

தெருவில் மாவு எங்கே என்று அவளைத்தான் கேட்டார்கள். நீங்களே வைத்துக்கொண்டீர்களா என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள், சிரிக்காமலும் சிலர் கேட்டார்கள். மேலிருந்து ஒரு மேடம் வந்தார். வெயிலில் அலைந்து களைத்த முகம். பிள்ளைகளைத் தட்டோடு உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மேலே சொல்லியிருக்கிறோம் என்றார். அதுவரை இந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று கரண்டியக்கா கேட்டாள். டீச்சர் அவள் கையைக் கிள்ளினாள்.

மேடம் கோபப்படவில்லை. “நீங்க என்கிட்ட கேக்கறீங்க” என்றார். “நான் யார்கிட்ட கேக்கறதுன்னு எனக்கே தெரியல.” தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

தூக்குவாளியில் எடுத்துப்போக இப்போது உப்புச் சோறு மட்டுமே இருந்தது. பிறகு அதையும் தன் பங்கென்று எடுக்க மனசு வரவில்லை. பிள்ளைகளின் தட்டில் நீராக இருக்கும்போது அவள் தட்டுக்கு மட்டும் சோறு எங்கிருந்து வரும்? ஒருநாள் வெறும் கையோடு வாசலுக்குப் போய் நின்றாள். மகள் வந்தாள், கையைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் இடைவேளை முடியும் வரை மாப்பிள்ளையின் வலியைப் பற்றியும், சின்னவளுக்குப் பல் விழுந்ததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வாரமே சூப்பர்வைசர் வயிற்றைக் கவனித்துவிட்டான். வேலையை விட்டு எடுக்காமல், நூல் வெட்டுகிற இடத்துக்கு மாற்றினான். அவன் அதைப் பெரிய மனதென்றுதான் நினைத்திருப்பான். ஆனால் அங்கே நாளெல்லாம் நிற்க வேண்டும். நின்றுகொண்டிருந்தபோதே வலி எடுத்துவிட்டது, மாதம் நிறையும் முன்பே.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கரண்டியக்கா வெளியிலிருந்து பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி எடைக்கு வைத்தவள், பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம், மூக்கு உன் மாதிரியே இருக்கிறது என்றாள்.

குழந்தை வீட்டுக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் தேறிவிடும் என்றார்கள். மகளுக்குப் பால் போதவில்லை. இருந்த கொஞ்சமும், அவள் மறுபடி வேலைக்குப் போன பிறகு வற்றிவிட்டது. போகாமல் இருக்க வழியில்லை. மாமியார் பாத்திரத்தை விட்டால் வாடகை போகும், மகள் கம்பெனியை விட்டால் அடுப்பு போகும். குழந்தை பகலெல்லாம் கட்டிலில் அப்பாவோடு கிடந்தது. அவன் படுத்தபடியே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஏதேதோ கதை சொல்லிக்கொண்டிருப்பான். பாலில் தண்ணீர் எவ்வளவு கலந்தார்கள் என்று கரண்டியக்கா கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். மையத்துக்குத் தூக்கிக்கொண்டு வருகிறேன், என் பக்கத்தில் கிடக்கட்டும் என்றாள். அவ்வளவு சின்னக் குழந்தையை அங்கே வைக்க அனுமதி இல்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொள்வதாகச் சொன்னாள். அதற்குள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு தேடினார்கள், கிடைக்கவில்லை. காலையில் தூக்கிக்கொண்டு போனார்கள், மாலைக்குள் முடிந்துவிட்டது. பெயர் வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் அழுதாளா என்று பலரும் கேட்டார்கள். அழுதாள். பிறகு எழுந்து, மாப்பிள்ளைக்குத் துணி மாற்றிவிட்டாள். அவன்தான் அடங்கவில்லை. என் கையிலதானே இருந்தது, என் கையிலதானே இருந்தது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள் லாரி வந்தது. மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து மாவு. அறையில் பிள்ளைகள் உட்கார இடமில்லை. சேதி பரவி, வாசலில் வரிசை தெரு வரைக்கும் நீண்டது. டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட, கரண்டியக்கா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் துணிப்பையைச் சுருட்டிப் பிடித்தபடி சம்பந்தியம்மா நிற்பதைப் பார்த்தாள். அவள் நிமிரவில்லை. முறைப்படி பார்த்தால் மகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்க வேண்டும். குழந்தை இல்லாத தாய்க்கு மாவு கிடையாது. டீச்சர் அந்தப் பெயருக்கு வந்ததும் நிறுத்தி, கரண்டியக்காவைப் பார்த்தாள்.

“கூப்பிடுங்க டீச்சர்” என்றாள் அவள்.

டீச்சர் கூப்பிட்டாள். சம்பந்தியம்மா முன்னால் வந்தாள்.

“அவ வரமாட்டேன்னுட்டா” என்றாள் மெதுவாக. “நான் வந்தது தப்புங்களா?”

“வீட்ல புள்ளைங்க இருக்குல்ல. பையத் திறங்க.”

பை நிறைய அடுக்கிக் கொடுத்தாள். பின்னால் நின்றவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள், பக்கத்திலிருந்தவள் அடக்கினாள். சம்பந்தியம்மா பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். கரண்டியக்கா அடுத்த பெயருக்குக் குனிந்தாள்.

அந்த மாவு தீர வெகுநாள் ஆயிற்று. பெரியவனும் சின்னவளும் கொஞ்சம் தேறினார்கள் என்பது உண்மை. மாப்பிள்ளை ஒரு கோலை ஊன்றிக்கொண்டு கீழே சைக்கிள் கடை வரை இறங்கி வர ஆரம்பித்தான். கர்ப்பிணிகள் கூட்டத்தில் கரண்டியக்காவை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை, அவளும் போவதில்லை. சமையலில் மட்டும் குறையில்லை, கஞ்சி கட்டி தட்டவில்லை. டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலுக்கு எழுதிப் போட்டாள். கிடைக்கவில்லை.

மழை பிடித்த ஒரு பிற்பகலில் மகள் மையத்துக்கு வந்தாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தன. அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் துணியை வாங்கி மீதியைத் துடைத்தாள். பிறகு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். மாமியார் ஏதாவது சொன்னாளா என்று கரண்டியக்கா கேட்டாள். இல்லை, அவர் ஒன்றும் சொல்லவில்லை, நர்ஸம்மாதான் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள் என்றாள் மகள். அடுத்த முறை முதல் மாதத்திலேயே வந்துவிடு, எல்லாம் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்கிறாளாம்.

“எனக்கு இனிமே புள்ள வேண்டாம்மா. யாரு என்ன சொன்னாலும் சரி.”

கரண்டியக்காவுக்கு அதற்குச் சொல்லப் பதில்கள் தெரியும். எத்தனையோ பெண்களுக்கு, இதே படியில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். வயது இருக்கிறது, உடம்பு தேறும், மனசு ஆறும் என்று.

“சரி” என்றாள்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. பட்டறைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள். கம்பெனியில் இப்போது இரவு ஷிப்ட், நேரமாகிவிட்டது என்று மகள் எழுந்து, பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.